ஓர் ஊராட்சி மின்சாரம் தயாரித்த கதை

(வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்குப் பஸ் ஏறியபோது, பக்கத்தில் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "ஏங்க, தண்ணித் தொட்டிக்கு மோட்டார் ஓடுது, தெருவுக்கு லைட்டு எரியுது, சந்தோஷம்தான். ஆனா பஞ்சாயத்துக்கு வர்ற காசெல்லாம் கரண்டு பில்லுக்கே போயிட்டா, ஊருக்குன்னு என்னங்க மிஞ்சும்?"

அந்த ஆட்டத்திலே என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். அவர் கேட்ட அதே கேள்வியை இன்னொரு ஊராட்சி தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. அதன் கதைதான் இது.

கோயம்புத்தூர் மாவட்டம், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது ஓடந்துறை. பவானி ஆற்றுப் பக்கம். வாழைத் தோட்டம், பாக்குத் தோட்டம், நடுநடுவே யானை. 1996-இல் அங்கே ஊராட்சித் தலைவராக வந்தவர் ஆர். சண்முகம் என்பவர். முதலில் அவர் கை வைத்தது குடிதண்ணீரில். ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து வீடுகளுக்குக் கொடுக்கத் திட்டம் போட்டார்கள். தண்ணீர் வந்தது, தெருவிளக்குகளும் கூடின. கூடவே ஒரு பூதமும் வந்தது. சில ஆயிரமாக இருந்த மாத மின் கட்டணம் அரை லட்சம் ரூபாய் வரைக்கும் ஏறிவிட்டது. நல்ல காரியம் செய்ததற்குத் தண்டனை மாதிரி!

சாதாரணமாக இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? மனு எழுதுவார்கள், இல்லாவிட்டால் தெருவிளக்கை அணைப்பார்கள். ஓடந்துறைக்காரர்கள் செலவு எங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு சிற்றூர்களில் தெருவிளக்கைச் சூரிய ஒளிக்கு மாற்றினார்கள். பெரிய செலவு தண்ணீர் இறைப்பதில்தான் இருந்தது. அதற்காகத் தலைவர் குஜராத்தில் பரோடா வரைக்கும் போய், மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டு வந்தார். 2003-இல் 9 கிலோவாட் சக்தியுள்ள எரிவாயுக் கலன் ஒன்று ஊராட்சியில் வேலை செய்ய ஆரம்பித்தது.

இது சாண எரிவாயு இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். காய்ந்த மரத்துண்டுகளை ஒரு மூடிய கலனில் போட்டு, முழுசாக எரிய விடாமல் காற்றைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். அப்போது புகையாகப் போகவேண்டியது எரியக்கூடிய வாயுவாக வெளியே வரும். அதைக் குளிர வைத்து, கீல் போக வடிகட்டி, என்ஜினுக்குள் விட்டால் ஓடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ விறகு பிடிக்கும். ஈர விறகு போட்டால் கீல் அடைத்துக்கொள்ளும், ஆள் பக்கத்திலேயே நிற்கணும். மேட்டுப்பாளையம் பக்கம் மர அறுவை மில் கழிவு கிடைத்ததால் அவர்களுக்குச் சரிப்பட்டது. நம்ம மலையில் இதைச் செய்யப் போனால், காப்புக்காட்டில் கை வைக்கும் ஆசை வந்துவிடும். சந்தனமரம் இருந்த மலை என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். அதனால் இந்த ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் ஊரெல்லாம் பேசப்பட்டது. 2006-இல் ஓடந்துறை ஊராட்சி சொந்தமாக ஒரு காற்றாலையை வாங்கியது. 350 கிலோவாட். விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பிலிருந்து 40 லட்சம், மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன்.

"எங்க ஊர்ல அவ்வளவு காத்து இல்லையே" என்பீர்கள். ஓடந்துறையும் அதைத் தன் ஊரில் வைக்கவில்லையே! உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுத்தினார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி, ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று பிடித்துத் தள்ளும் இடம் அது. அங்கே உண்டாகும் மின்சாரத்தை மின் வாரியக் கம்பியில் விட்டுவிட்டால், கணக்கில் வரவு வைப்பார்கள். ஒரு கடையில் நெல்லைக் கொட்டி, இன்னொரு கிளையில் அரிசி வாங்கிக்கொள்கிற மாதிரி. ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் உற்பத்தி. ஊராட்சியின் தேவை 4 லட்சத்து 50 ஆயிரம். மிச்சத்தை மின் வாரியத்துக்கே விற்றார்கள்.

இதனால் ஆண்டுக்கு 19 லட்சம் ரூபாய் வருமானம் என்று பல பத்திரிகைகள் எழுதின. இரண்டேகால் லட்சம் யூனிட் விற்றால் அவ்வளவு எப்படி வரும் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் புரிந்துகொண்ட வரையில், கட்டாமல் மிச்சமான பில்லையும் வருமானமாகச் சேர்த்தால்தான் அந்தத் தொகை பொருந்தும். அதிலிருந்துதான் கடன் தவணையும் போகணும். எடுத்த எடுப்பில் பணம் கொட்டியதாக நினைத்துவிடக் கூடாது.

மலைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை இலங்கையில் இருக்கிறது. 1990-களிலிருந்து அங்கே சபரகமுவ மலைப்பக்கத்து ஊர்களில், மின் கம்பி எட்டாத இடத்தில், ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சின்ன ஜெனரேட்டர் ஓட்டினார்கள். சில கிலோவாட்தான். கால்வாய் வெட்டியதும் குழாய் சுமந்ததும் ஊர்க்காரர்களே. மின் நுகர்வோர் சங்கம் என்று ஒன்று வைத்து, வீட்டுக்கு இவ்வளவு வாட் என்று பங்கு பிரித்தார்கள். ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டி போட்டால் ஊர் முழுக்க விளக்கு மங்கும். அப்புறம் சிக்கனத்தைப் பற்றித் தனியாகப் பேச்சு எதற்கு? பக்கத்து வீட்டு அக்காவே வந்து கேட்டுவிடுவாரே!

ஆனால் பெரிய மின் கம்பி ஊருக்குள் வந்ததும் இப்படிப்பட்ட நிலையங்கள் பலவற்றைக் கைவிட்டுவிட்டார்கள். தோளில் சுமந்து போட்ட குழாய் துருப்பிடித்துக் கிடந்தது. பிற்பாடு சிலவற்றை மட்டும் அந்தக் கம்பியோடு இணைத்து, மின்சாரத்தை விற்க வழி செய்தார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. கம்பி வந்த அன்றைக்கே சங்கத்தையும் சேர்த்துக் கலைத்ததுதான் தப்பு என்று தோன்றுகிறது.

சரி, பஸ்ஸில் கேட்ட பெரியவருக்கு வருவோம். ஒன்றரைக் கோடி ரூபாய்க் காற்றாலை நாளைக்கே புதூர்நாட்டுக்கு வராது. தெருவிளக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். பழைய 40 வாட் டியூப் லைட் சோக்கோடு சேர்ந்து 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. அதே வேலையைச் செய்யும். இன்னும் மாற்றாத விளக்கு நூறு இருக்கிறது என்று வையுங்கள். இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால், நாளைக்கு 33 யூனிட் மிச்சம், மாதத்துக்கு ஆயிரம் யூனிட்டுக்குப் பக்கம். விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கினால் இன்னும் நல்லது. இதே ஜவ்வாது மலையில் காவலூரில், இருட்டான வானம் வேண்டும் என்றுதானே 1960-களின் கடைசியில் தொலைநோக்கி வைத்தார்கள்? மேலே போகிற வெளிச்சத்தால் நமக்கும் பிரயோஜனமில்லை, அவர்களுக்கும் இடைஞ்சல்.

தண்ணீர் விஷயத்தில் மேட்டில் ஊற்று இருக்கிற ஊர்கள், மோட்டார் இல்லாமல் குழாயிலேயே இறக்க முடியுமா என்று முதலில் பார்க்கணும். தொட்டி நிறைந்து வழிகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது, கடந்த 12 மாத மின் கட்டண ரசீதை மோட்டார் தனி, விளக்கு தனி என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.