முத்துவின் பெயரைத் தாங்கிய பறவை

கிழக்கு வெளுக்கும் வேளையில் நீர்நிலையொன்றின் கரையிலே ஓசையின்றி அமர்ந்து பறவைகளைக் கண்டு மகிழ்வது இன்று உலகெங்கும் பலருக்கு உவப்பான செயலாக இருக்கின்றது. இச்செயலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் வடபுலத்தில் உழைத்த எளியவர் ஒருவருக்கும் இடமுண்டு. அதனை எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

சென்ற மார்கழி மாதத்தில் ஒருநாள் எமது பாடசாலை மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு வடமராட்சிக் கடனீரேரிக் கரைக்குச் சென்றிருந்தேன். பனைவடலிகளுக்கிடையே இருள் இன்னும் விலகவில்லை. மாரி மழையால் ஏரி நிறைந்து, அசைவற்றுக் கிடந்தது. முதலில் செவிக்கு எட்டியது ஆள்காட்டியின் குரல். பின்னர், வானம் சற்றே சாம்பல் நிறம் கொண்டபோது, நீர்மட்டத்துக்கு மேலாக ஒரு கூட்டம் வரிசையாகப் பறந்து சென்றது. எங்களிடம் இருந்ததோ ஒரேயொரு இருகண் தொலைநோக்கி. அதனைக் கையில் வைத்திருந்த மாணவன், "கொக்குகள்" என்றான். பின்னால் நின்ற வேறொருவன் மெல்லிய குரலில், "கொக்கு அல்ல, ஐயா. கொக்கு கழுத்தை மடக்கித்தான் பறக்கும். இவை நீட்டிக்கொண்டு போகின்றன. நீர்க்காகம்" என்றான். அவன் கூறியதே சரியாயிற்று.

அம்மாணவன் கடற்றொழிலாளி ஒருவரின் மகன். வகுப்பிலே வாய் திறவாதவன். வரலாற்றுப் பாடத்தில் அவன் பெற்ற புள்ளிகளைக் கண்டு, 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று நானே அவன் தந்தையிடம் ஒருமுறை கூறியதுண்டு. அன்று காலை அவன் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டபோது, ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் பருத்தித்துறையில் வாழ்ந்த மற்றொருவரின் நினைவு எனக்கு வந்தது. அவரைப் பற்றிக் கூறுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

பறவைகளை உற்றுநோக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. வறுமையால் ஊர்விட்டு மதுரைக்கு வந்து குளிரில் வாடிய சத்திமுத்தப் புலவர், வானிலே சென்ற நாரையைத் தூதாக விளித்துப் பாடியதை நாம் அறிவோம். அப்பறவையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை அவர் உவமை கூறினார். பனங்கிழங்கை அவித்துப் பிளந்து உண்ணும் யாழ்ப்பாணத்தவருக்கு அவ்வுவமையின் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை. அப்புலவரின் கண் கூர்ந்து பார்த்த கண். நாரைகள் தென்திசைக்கு வந்து மீண்டும் வடதிசைக்கு ஏகும் என்பதும் அவர் அறிந்த செய்தியே. ஆயினும் கண்டவற்றை இனம் இனமாக வகுத்து ஏட்டில் பதியும் முறை இங்கே ஐரோப்பியர் வருகையோடுதான் வளர்ந்தது.

1752ஆம் ஆண்டு முதல் 1757ஆம் ஆண்டு வரை ஒல்லாந்த ஆளுநராயிருந்த யோவான் கிதியோன் லோத்தன் என்பவர் உயிரினங்களில் பேரார்வம் கொண்டவர். இலங்கையிலே பிறந்த பீற்றர் கொர்னேலிசு த பெவர் என்னும் ஓவியரைக் கொண்டு அவர் பறவைகளையும் விலங்குகளையும் வண்ணத்தில் வரைவித்தார். 1766ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, நீண்டு வளைந்த அலகுடைய தேன்சிட்டு ஒன்றுக்கு லோத்தனின் பெயரைச் சூட்டினார். பெயர் ஆளுநருக்குச் சேர்ந்தது. தூரிகை பிடித்தவரை அறிந்தோர் சிலரே.

ஆங்கிலேயர் காலத்தில் இவ்வாராய்ச்சி விரிவடைந்தது. இலங்கையில் பிறந்த படை வைத்தியர் கெலாட் 1852ஆம் ஆண்டில் இந்நாட்டு உயிரினங்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதே காலத்தில் எட்கார் லெப்போல்ட் லேயாட் என்பவர் அரசாங்க சேவையிலிருந்துகொண்டு நாட்டின் பல பாகங்களிலும் பறவைகளைச் சேகரித்து வந்தார். இலங்கைக்கே உரிய கிளியினம் ஒன்று இன்றும் 'லேயாட்டின் கிளி' என்றே வழங்குகின்றது.

அக்காலத்தில் பறவையை ஆராய்தல் என்பது அதனைக் கொல்லுதலே ஆகும். தொலைவிலுள்ள சிறு குருவியின் நிறத்தையும் இறகமைப்பையும் தெளிவாகக் காட்டும் கருவி அன்று எவர் கையிலும் இல்லை. ஆகவே சுட்டு வீழ்த்தி, தோலை உரித்து, பதப்படுத்தி, இலண்டனுக்கோ கல்கத்தாவுக்கோ அனுப்பினர். அங்குள்ள அறிஞர் அத்தோலை ஏனைய தோல்களோடு ஒப்பிட்டே புதிய இனமா அன்றோ எனத் தீர்மானித்தனர். எழுதுகின்ற துரை ஒருவருக்குப் பின்னால், காடும் களப்பும் அலைந்து பறவையைத் தேடிப் பிடிக்கின்ற ஊழியர் ஒருவர் இருந்தார்.

லேயாட்டின் ஊழியரின் பெயர் முத்து. லேயாட் 1854ஆம் ஆண்டில் சிறியதொரு ஈப்பிடிப்பான் குருவியைப் புதிய இனமாக வருணித்து, அதற்கு முத்துவின் பெயரைச் சேர்த்து 'முத்துயி' என்று பெயரிட்டார். தன்னிடமிருந்த சிறந்த பறவைகள் பலவற்றை முத்துவின் பொறுமையாலும் வேட்டைத் திறத்தாலுமே பெற்றதாக அவர் நன்றியோடு குறித்துள்ளார். அந்தக் குருவியையும் முத்துவே பருத்தித்துறையில் ஒரு காலைப்பொழுதில் கொண்டுவந்து கொடுத்தார். மண்ணிற நெஞ்சும் வெளிறிய கால்களும் உடைய அச்சிறு பறவை, வடகிழக்கு இந்தியா, மியன்மார், தென்சீனம் ஆகிய பிரதேசங்களில் குஞ்சு பொரித்து, மாரிகாலத்தில் தென்னிந்தியாவுக்கும் நம் நாட்டுக்கும் வருவது. உலகில் எந்நாட்டு அறிஞர் அதன் அறிவியற் பெயரை எழுதினாலும் முத்துவின் பெயரையே எழுதுகின்றார்.

இங்கே வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. முத்து அப்பறவையைக் கொண்டுவந்தது யூன் மாதத்தில் என்று லேயாட் எழுதினார். ஆனால் வலசைவரும் அப்பறவை சித்திரை கழியுமுன்பே வடக்கு நோக்கிச் சென்றுவிடும். யூன் மாதத்தில் அஃது இங்கே இருப்பது வழக்கமன்று. எழுதியவர் மாதத்தை மறந்தாரோ, அன்றி அப்பறவை பின்தங்கியதோ, முத்துவைக் கேட்டால் தெரிந்திருக்கும். முத்துவிடம் ஒரு குறிப்பேடு இருந்து, அவர் அதில் நாளும் இடமும் குறித்திருந்தால் ஐயத்துக்கு இடமே இராது. பறவையை அறிந்தவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர். இவ்விரண்டும் ஒருவரிடம் சேராமையால் வந்த குறை அது.

லேயாட்டுக்குப் பின் வந்தவர் கப்டன் லெக். 1868ஆம் ஆண்டு முதல் 1877ஆம் ஆண்டு வரை பீரங்கிப்படை அதிகாரியாக இங்கே பணியாற்றிய இவர், 1878க்கும் 1880க்கும் இடையில் இலங்கைப் பறவைகளின் வரலாறு என்னும் பெருநூலை வெளியிட்டார். பறவைகளுக்கு இந்நாட்டு மக்கள் வழங்கிய சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் கேட்டறிந்து அந்நூலில் சேர்த்தமை அவர் செய்த நற்பணியாகும்.

துவக்கு ஓய்ந்து கண்ணாடி வந்தது அடுத்த நூற்றாண்டில். 1894ஆம் ஆண்டில் ஜேர்மனியின் யேனா நகரிலுள்ள சைஸ் நிறுவனம் அரியம் பொருத்திய இருகண் தொலைநோக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையடக்கமான அக்கருவி பரவப் பரவ, கொல்லாமலே இனங்காணுதல் கைகூடிற்று. சட்டமும் துணைநின்றது. 1937ஆம் ஆண்டில் வனசீவராசிகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டிலேயே நம் வடபகுதியிலுள்ள சுண்டிக்குளம் சரணாலயமாக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றியது. கொழும்பு நூதனசாலையில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, தாமே வரைந்த ஓவியங்களுடன் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட கைநூல், சாதாரண வாசகரையும் குளக்கரைக்கு அழைத்துச் சென்றது.

1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர்க்காலத்தில், விடியற்பொழுதில் கடனீரேரிக் கரையில் கையிலே தொலைநோக்கியோடு நிற்பதை வடபகுதியில் எவரும் நினைத்தும் பார்த்திருக்க இயலாது. பறவைகள் ஆண்டுதோறும் வந்தன. அவற்றைக் குறித்து வைப்பார்தாம் இல்லை. 2015ஆம் ஆண்டில் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இடம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். அறிவு காப்பாற்றப்பட்டதா?

நேயர்களே, என் கவலை அதுவே. வலை வீசுவோரும் வயல் உழுவோரும் பறவைகளுக்கு இட்ட பெயர்கள், அவை வரும் காலம், போகும் காலம், அவற்றைக் கொண்டு மழையையும் மீன்வரவையும் கணித்த முறை ஆகியவை யாவும் நாவிலே மட்டும் வாழ்பவை. அவற்றைக் கூறும் முதியோர் மறைந்தால் அவையும் மறையும். நம் மாணவரோ எல்லாவற்றையும் 'ஏதோ ஒரு குருவி' என்று கூறி அமைகின்றனர். அறிந்த ஒருவன் வகுப்பிலே இருந்தாலும், அவன் அறிவுக்குப் புள்ளி வழங்க நம்மிடம் வினாத்தாள் இல்லை.

அன்று சூரியன் நன்கு எழுந்த பின்னர், ஏரிக்கரையில் அமர்ந்து ஒரு புதிய குறிப்பேட்டைத் திறந்தோம். நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை என்று கோடுகள் இட்டோம். கடைசி நிரலுக்கு என்ன தலைப்பு என்று மாணவர் கேட்டனர். 'கண்டவர்' என்று எழுதச் சொன்னேன். தொலைநோக்கியை அந்தச் சிறுவனிடம் கொடுத்தபோது அவன் சற்றுத் தயங்கி, தனக்கு அது வேண்டியதில்லை என்றான். குறிப்பேட்டை மட்டும் வாங்கிக்கொண்டான். அன்று நிரம்பிய இரண்டு பக்கங்களில் கடைசி நிரலில் பெரும்பாலும் அவன் பெயரே இருந்தது.

மறுநாள் மாலை அவன் தந்தையை வீட்டிற் சென்று கண்டேன். முன்னர் கூறிய வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.