ராஜராஜனுக்கு நீங்க என்ன முறை?

ஐப்பசி சதயம் நெருங்கினால் ஊருக்கு ஊர் போஸ்டர் முளைத்துவிடும். ராஜராஜன் படம், கீழே "எங்கள் பாட்டன்". பக்கத்துச் சுவரில் அதே படம், வேறு சாதிச் சங்கம், அதே பாட்டன். குன்னத்துக்காரனான எனக்கு இது புதுசில்ல. எங்கள் பக்கம் ராஜாக்களுக்குப் பஞ்சமே கிடையாது. கிழக்கே கங்கைகொண்ட சோழபுரம். உடையார்பாளையம் ஜமீன்தார்கள் பெயருக்கு முன்னால் 'கச்சி' என்று காஞ்சியைச் சேர்த்துக்கொண்டார்கள். அரியலூர் ஜமீனுக்கு மழவராயர் பட்டம்.

அமெரிக்காவிலும் இதே ஆசை உண்டு. கப்பலேறிப் போன ஏதோ ஒரு முன்னோர் வழியாக இங்கிலாந்து அரசன் மூன்றாம் எட்வர்டைப் பிடித்துவிட்டால் போதும், அதற்கு மேலே ராஜ பரம்பரைதான். குஸ்டாவ் அன்ஜூ (1863–1942) என்றொரு ஆள் நியூயார்க் பக்கம் உட்கார்ந்து பணக்காரர்களுக்கு வம்சாவளி தயாரித்து விற்றார். பாதி உண்மையான ஆவணம், பாதி சொந்தச் சரக்கு. அவர் கட்டிவிட்ட மூதாதையர்களை இன்னைக்கு வரைக்கும் களையெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சோழர்கள் மட்டும் என்னவாம்? ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு அவன் வம்சத்தைச் சூரியன், மனு, இக்ஷ்வாகு என்று தொடங்கி, சிபி வழியாகக் கரிகாலனுக்கும் கோச்செங்கணானுக்கும் வந்து, அப்புறம்தான் விஜயாலயனைத் தொடுகிறது. விஜயாலயனுக்கு மேலே போகப் போகக் கவிஞர் கை ஓங்கிவிடுகிறது. கங்கை வரை படையனுப்பியவனுக்கே தாத்தாக்கள் போதவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ராஜராஜன் இறந்தது 1014-ல். தலைமுறைக்கு 30 வருஷம் என்றால் நமக்கும் அவனுக்கும் நடுவே ஏறத்தாழ 33 தலைமுறை. பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அதற்கு மேலே 8 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 33-ஆம் படியில் 850 கோடிக்கு மேல் முன்னோர் வேண்டும். அன்னைக்கு உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. ஆக, ஒரே ஆளே பல கிளைகளில் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும்.

எப்படி வருவார் என்பதற்குச் சோழர் வீடே சாட்சி. ராஜராஜன் மகள் குந்தவையை வேங்கிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் மகன் ராஜராஜ நரேந்திரன் தாய்மாமன் ராஜேந்திரனின் மகள் அம்மங்காதேவியைக் கட்டினான். நம்ம ஊர் மாமன் மகள் கல்யாணம்தான். அவர்களுக்குப் பிறந்தவன் முதல் குலோத்துங்கன். அவனுக்கு அப்பா வழியிலும் ராஜராஜன் கொள்ளுத்தாத்தா, அம்மா வழியிலும் ராஜராஜனே கொள்ளுத்தாத்தா. 1070-ல் அவன் சோழ அரியணையில் ஏறினான். அப்பா வழியில் பார்த்தால் அவன் கீழைச் சாளுக்கியன்! 'ஆண் வாரிசு, தூய ரத்தம்' என்று போஸ்டர் அடிப்பவர்கள் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துச் சங்கதி. 'பொன்னியின் செல்வ'னால் எல்லோருக்கும் தெரிந்த பழுவேட்டரையர்கள் நிஜத்தில் இருந்தவர்கள். அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க் கோயில்களில் அவர்கள் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்தான் என்றும், அவள் மகன் அரிஞ்சயன் என்றும் அன்பில் செப்பேடு சொல்கிறது. அதே செப்பேடு பழுவேட்டரையரைச் சேரர் என்கிறது. அரிஞ்சயன் பேரன்தான் ராஜராஜன். பாட்டன் பாட்டன் என்கிறோமே, அந்தப் பாட்டனின் கொள்ளுப்பாட்டி பழுவூர்ப் பொண்ணு.

ஐரோப்பாவில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டினால் கிட்டத்தட்ட எல்லோருமே ராஜ வம்சம் என்று வந்துவிடும். லண்டன் நடிகர் டேனி டயர் எட்வர்டின் வழித்தோன்றல் என்று 2016-ல் டிவியில் காட்டினார்கள். அதிசயம் அவர் வழித்தோன்றல் என்பதில்லை, காகிதம் கிடைத்ததுதான். இங்கே அந்தக் கணக்கு அப்படியே ஓடாது. சாதிக்குள்ளேயே கல்யாணம் பண்ணிப் பண்ணி வலையைச் சின்னதாக்கி வைத்திருக்கிறோம். சேரியையும் ஊரையும் பிரித்து வைத்துவிட்டு, ராஜாவுக்கு மட்டும் எல்லோரும் பேரன் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, சாமானியனுக்கு என்ன காகிதம் இருக்கிறது? வேடிக்கை என்னவென்றால், ஊரைவிட்டுப் போனவனுக்கு இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அதில் இருந்தார்கள். அதிலிருந்து ஐம்பது வருஷம் நேட்டாலுக்குப் போன கூலிகளைப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள்: எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. ஆள் ஓடிவிட்டால் பிடிக்க உதவும் என்று குறித்திருப்பார்கள். இன்று டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேரனுக்கு அந்தத் தழும்புதான் வழிகாட்டி. எங்கள் ஊர்களை அதில் தேடுபவர்கள் திருச்சி மாவட்டம் என்றுதான் தேட வேண்டும். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல்தான்.

போகாமல் இங்கேயே களை பறித்தவர்களுக்கு அதுவும் இல்லை. எனக்கு அப்பா வழியில் நாலு தலைமுறை ஆண்கள் பெயர் தெரியும், குலசாமி பொங்கலில் சொல்லுவார்கள். பெண்கள் பெயர் தெரியாது. போன வருஷம் அப்பாயியிடம் அவருடைய பாட்டி பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"ஆயான்னுதான்டா கூப்பிடுவோம்."

கப்பல் ஏறியிருந்தால் பதிவேட்டில் இருந்திருக்கும்.