அடைபட்ட குடல் திறந்த கதை

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒரு குழந்தை பிறந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் அது வாந்தி எடுக்கிறது. வாந்தியின் நிறம் பச்சை. வயிறு உப்புகிறது. பாட்டிமார் 'காட்டுப்பீ' என்று சொல்லும் கரிய முதல் மலமும் சரிவரப் போகவில்லை. பச்சை, பித்தநீரின் நிறம். கீழே இறங்க வேண்டிய பித்தநீர் மேலே வருமானால், குடலில் அடைப்பு இருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும்.

இத்தகைய குழந்தைகளுள் சிலருக்குக் குடல் ஓரிடத்தில் துண்டுபட்டு, இரு முனைகளும் மூடிக் கிடக்கும். மேல் முனை பலூன்போல் பருத்திருக்கும். கீழ்ப்பகுதியோ மெலிந்து சுருங்கியிருக்கும். 1911-இல் ஹாலந்தின் ராட்டர்டாம் நகரில் ஃபோக்கன்ஸ் என்ற மருத்துவர் இம்முனைகளை இணைத்து ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தார். ஆயினும் அதன்பின் நாற்பதாண்டுகள் சென்றும் இறந்த குழந்தைகளே மிகுதி. தையல் பிரியாமல் இருந்தும், உணவு அதைக் கடந்து செல்லாத குழந்தைகள் பல. ஏன்?

கருவின் தொடக்க வாரங்களில் குடலின் உட்புழை திசுக்களால் அடைபட்டுப் பின்னர் திறக்கிறது. திறக்கத் தவறினால் அடைப்பு நிலைத்துவிடுகிறது. 1900-இல் வியன்னாவின் உடற்கூற்று அறிஞர் டாண்ட்லர் கூறிய கருத்து இது. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருந்தது. அடைப்புக்குக் கீழே உள்ள குடலிலும் பித்தநீரின் கறையும், கரு விழுங்கிய மெல்லிய ரோமங்களும் காணப்பட்டன. ஒருபோதும் திறவாத குடலுக்குள் இவை எப்படி நுழைந்தன?

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஜே. எச். லோ என்பவரும் கிறிஸ்டியன் பர்னார்டும் இதை ஆராய்ந்தனர். 1967-இல் முதன்முதலாக மனித இதயத்தை மாற்றிப் பொருத்திய அதே பர்னார்டுதான்! சினை நாயின் கருப்பையைத் திறந்து, கருக்குட்டியின் குடலுக்குச் செல்லும் குருதி நாளங்களைக் கட்டிவிட்டு, மீண்டும் தைத்து மூடினர். பிறந்த குட்டிகளில், மனிதக் குழந்தையில் காண்பது போன்றே குடல் துண்டுபட்டிருந்தது. 1955-இல் இம்முடிவு வெளியாயிற்று. (இன்று பிழைக்கும் குழந்தைகள் அந்த நாய்களுக்கும் கடன்பட்டவர்கள்.)

அப்படியானால் குடல் முதலில் முழுமையாகவே உருவாகிறது; பின்னர்க் குருதி தடைபட்ட பகுதி நலிந்து மறைகிறது. பருத்த முனையும் குருதி குன்றிய பகுதியே. பார்வைக்கு நன்றாயிருந்தாலும் அது சுருங்கி விரிந்து உணவைத் தள்ளாது. எனவே அதை வெட்டி நீக்கிவிட்டு, நல்ல குடலோடு நல்ல குடலை இணைத்தனர். பிழைப்போர் தொகை உயர்ந்தது. இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் மட்டும் டாண்ட்லர் கருத்து இன்றும் ஏற்கப்படுகிறது.

பச்சை வாந்திக்கு வேறொரு காரணமும் உண்டு: குடல் முறுக்கிக்கொள்ளுதல். அதைச் சீராக்கும் முறையை 1936-இல் பாஸ்டன் நகர மருத்துவர் லாட் விளக்கினார். இதில் சில மணி நேரத்திலேயே சிறுகுடல் பெரும்பகுதியும் அழுகிவிடக்கூடும். ஆகவே மலையூரில் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது; சர்க்கரைத் தண்ணீர் புகட்டிப் பார்ப்பதும் தவறு. ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இன்று குழந்தை அறுவை மருத்துவத்துக்கெனத் தனித்துறையே இருக்கிறது. மலையிலிருந்து அங்கே போளூர் வழியாகவும் செல்லலாம், அமிர்தி வழியாகவும் செல்லலாம். புறப்படுமுன், மெல்லிய குழாயால் இரைப்பையைக் காலி செய்து, குழந்தையைக் குளிராமல் போர்த்தி அனுப்புவது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடியது.