ஹிஜாஸ் இரயில்பாதையும் அதன் வரைபடங்களும்

ஹிஜாஸ் இரயில்பாதை என்றதும் நம் குடும்பங்களில் இரண்டு செய்திகள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, ஸுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது உலக முஸ்லிம்களிடம் நன்கொடை திரட்டி ஹாஜிகளுக்காக அப்பாதையை அமைத்தார் என்பது. மற்றொன்று, லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர் வெடிவைத்து அதைத் தகர்த்தார் என்பது. முன்னது உண்மை. பின்னது திரைப்படம் பெரிதாக்கிக் காட்டிய பாதி உண்மை. இவ்விரண்டுக்கும் இடையே, பாலைவனத்தில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்பாதையை அளந்தவர் யார், வரைந்தவர் யார், கட்டியவர் யார் என்னும் வரலாறு பேசப்படாமலே கிடக்கிறது. அவ்வரலாறு மேடைகளில் இல்லை, தாள்களில் இருக்கிறது. அத்தாள்களைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகிறோம்.

பணி 1900ஆம் ஆண்டு தொடங்கி, திமிஷ்க் நகரிலிருந்து தெற்கே நகர்ந்து, 1908ஆம் ஆண்டு மதீனா முனவ்வராவை எட்டியது. ஒட்டகக் காரவானில் ஏறத்தாழ 40 நாள் பிடித்த பயணம் மூன்று நாள்களில் அடங்கிற்று. இதற்கென அயல்நாட்டுக் கடன் எதுவும் வாங்கப்படவில்லை. செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நன்கொடையாக வந்தது. எஞ்சியதை முத்திரை வரியும், அரசு ஊழியரின் சம்பளப் பிடித்தமும், குர்பானித் தோல்களின் கிரயமும் போன்ற வருவாய்கள் ஈடுசெய்தன. இந்தியாவில் இப்பணிக்காக முதன்மையாக உழைத்தவர்கள் பஞ்சாபின் பத்திரிகையாசிரியர் முஹம்மது இன்ஷாஅல்லாஹ்வும், ஹைதராபாத்தின் முல்லா அப்துல் கய்யூமும் ஆவர். நன்கொடையாளருக்கு இரயில் எஞ்சின் பொறித்த பதக்கங்களும் வழங்கப்பட்டன. பதக்கம் வாங்கியவர்களின் புகழைப் பாடுவது எளிது. அவர்கள் கொடுத்த காசு எந்தப் பாலத்தின் கல்லாயிற்று என்று காட்ட வல்லவை கணக்கேடுகளும் பொறியியல் வரைபடங்களும் மட்டுமே.

இரயில்பாதை வரைபடம் என்பது ஒரே ஒரு படமன்று. முதலில் நிலத்தின் மேல் பாதை வளைந்து செல்லும் போக்கைக் காட்டும் தளப்படம். அடுத்தது நெடுக்குவெட்டுப் படம். மலையையும் ஓடையையும் வாளால் நெடுக அரிந்து பக்கவாட்டில் நின்று பார்ப்பது போன்றது அது. அதில் இரு கோடுகள் ஓடும். ஒன்று இயற்கை நிலத்தின் மேடுபள்ளம். மற்றொன்று தண்டவாளம் அமையவேண்டிய மட்டம். தண்டவாளக் கோடு மேலே இருந்தால் அங்கே மண் கொட்டி உயர்த்தவேண்டும். கீழே இருந்தால் வெட்டவேண்டும். மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியும்பொருட்டு உயரத்தின் அளவுகோலை நீளத்தின் அளவுகோலைவிடப் பல மடங்கு பெரிதாக்கி வரைவார்கள். அதனால் சிறு மேடும் குன்றுபோல் தோன்றும். பின்னர்க் குறுக்குவெட்டுப் படங்கள், பாலங்களுக்கும் மதகுகளுக்கும் உரிய மாதிரிப் படங்கள், நிலையங்களின் கட்டடப் படங்கள். மாவுக்கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியில் மூலத்தை மையால் வரைந்து, அதிலிருந்து நீலத்தில் வெள்ளைக் கோடுகளாகப் படியெடுப்பது அக்கால வழக்கம். ஓவியம்போல் வண்ணம் தீட்டுவதும் உண்டு. ஆனால் கல் கட்டுமானத்துக்கு ஒரு நிறம், இரும்புக்கு வேறொரு நிறம் என்று அவ்வண்ணத்துக்கும் பொருள் உண்டு.

இப்பாதையின் நெடுக்குவெட்டில் நம்மை வியக்கவைக்கும் இடம் ஒன்று உண்டு. ஹைஃபா துறைமுகத்திலிருந்து தர்ஆ நகருக்குச் சென்ற கிளைப்பாதை 1905ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கடற்கரையில் புறப்படும் அது ஜோர்தான் பள்ளத்தாக்கில் கடல்மட்டத்துக்கும் கீழே 246 மீட்டர் இறங்குகிறது. உலகில் வேறெந்த இரயிலும் தரையின் மேல் அத்துணைத் தாழ்வுக்குச் சென்றதில்லை. பிறகு யர்மூக் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே, சுரங்கங்களையும் பாலங்களையும் மாறி மாறிக் கடந்து மேலேறுகிறது. முதன்மைப் பாதையோ மஆன் நகருக்குத் தெற்கே 1,100 மீட்டருக்கு மேல் உயர்கிறது. கடல்மட்டம் என்னும் பூஜ்யக் கோட்டைப் படத்தின் அடியில் வரைவதே பொறியாளர் வழக்கம். இங்கே அக்கோட்டுக்குக் கீழேயும் பாதை ஓடுகிறது.

தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலமும் வரலாறு பேசும். அது 1,050 மில்லிமீட்டர். மீட்டர் பாதையினும் 5 சென்டிமீட்டர் மட்டும் கூடுதலான இவ்விசித்திர அளவு எதற்கு? பெய்ரூட்டிலிருந்து திமிஷ்குக்குப் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று 1895ஆம் ஆண்டு திறந்த பாதையின் அளவு அதுவே. தளவாடங்கள் அவ்வழியே வரவேண்டியிருந்தமையால் அதே அளவு ஏற்கப்பட்டது. பின்னர் அக்கம்பெனியின் கையை எதிர்பாராமல் இருக்கவே ஹைஃபா கிளை கட்டப்பட்டது. ஆகவே கம்பெனியிடமிருந்து விடுதலை கிடைத்தது. கம்பெனியின் அளவிலிருந்து கிடைக்கவில்லை.

இந்தத் தாள்களைப் படிப்பதற்குப் பொறியியல் மட்டும் போதாது. உதுமானிய இரயில்பாதைத் துறையில் பிரெஞ்சு மொழியும் அரபு எழுத்தில் எழுதப்பட்ட துருக்கி மொழியும் கலந்து புழங்கின. திருமறையின் வசன எண்களைப் பார்த்துப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அவ்வெண்களில் ஐந்து என்பது சிறு வட்டம், பூஜ்யம் என்பது வெறும் புள்ளி என்பது தெரியும். தெரியாதவர் கையில் ஐம்பது மீட்டர்ப் பாலம் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆண்டுக் கணக்கோ அதனினும் பெரிய கண்ணி. உதுமானிய அலுவலகங்களில் ஹிஜ்ரி ஆண்டோடு ரூமி என்னும் நிதியாண்டும் வழங்கிற்று. அது பழைய ஜூலியன் கணக்கைத் தழுவியது. ஸுல்தான் அரியணை ஏறியது 1876 ஆகஸ்ட் 31ஆம் நாள். ரூமி கணக்கில் அது ஆகஸ்ட் 19. இருவகைக் கணக்குகளுக்கும் இடையே 12 நாளாக இருந்த வேற்றுமை 1900ஆம் ஆண்டில் 13 நாளாயிற்று. எனவே அதே ஆகஸ்ட் 19, இருபதாம் நூற்றாண்டில் செப்டம்பர் 1ஆகிவிட்டது. மஆன் வரையிலான பகுதி 1904லும், தபூக் வரையிலானது 1906லும், மதீனா வரையிலானது 1908லும் செப்டம்பர் 1ஆம் நாளிலேயே திறக்கப்பட்டதன் காரணம் இதுதான். ஒரு தாளின் மூலையில் 1324 என்று மட்டும் இருந்தால் என் செய்வது? ஹிஜ்ரி என்று கொண்டால் அது 1906. இரயில் அவ்வாண்டு தபூக்கைத்தான் எட்டியிருந்தது. ரூமி என்று கொண்டால் 1908. இரயில் மதீனாவில் வந்து நிற்கிறது. இரண்டெழுத்துக் குறிப்பொன்றைக் கவனியாது விட்டால் இடையில் பல நூறு கிலோமீட்டர் பாலைவனம் காணாமற் போகும்.

பாதையின் தலைமைப் பொறியாளர் மைஸ்னர் பாஷா, ஜெர்மானியர். அவரது திறமையை மறைப்பது நன்றிகொன்ற செயல். இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும்கூட உடனுழைத்தனர். ஆயினும் அவர்கள் அல்உலா வரைதான் வர முடிந்தது. அதற்குத் தெற்கே புனித மண்ணை நோக்கிய ஏறத்தாழ 300 கிலோமீட்டரை முஸ்லிம் பொறியாளர்களே முடித்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஹாஜி முக்தார் பே. பணி தொடங்கிய 1900ஆம் ஆண்டிலேயே ஹாஜிகளின் காரவானோடு கூடவே சென்று வழியை அளந்து படம் வரைந்தவர் அவர். கற்பாறைகளை உடைத்து மண்சுமந்தவர்கள் உதுமானியப் படைவீரர்கள். சேவைக் காலத்தில் கிடைத்த குறைப்புக்காக வெயிலையும் காலராவையும் தாங்கினர். அவர்களுள் பலருக்குக் கபுருகூட வழியோர மணலில்தான் அமைந்தது.

இங்கேதான் ஆவணங்களின் செய்தி கூர்மையாகிறது. ஆவ்லர் பாஷா என்னும் ஜெர்மானியத் தளபதி, பாதையை நேரில் பார்வையிட்டு, அலுவலகச் சான்றுகளையும் துணைக்கொண்டு, கோத்தா நகரின் புகழ்பெற்ற புவியியல் வெளியீட்டில் 1906லும் 1908லும் இரு பகுதிகளாக எழுதினார். ஐரோப்பிய ஆய்வாளர் பலர் இன்றளவும் சாய்ந்து நிற்பது அந்நூலின்மீதே. முதற்பகுதி மஆன் வரை செல்கிறது. இரண்டாம் பகுதி மஆனிலிருந்து அல்உலா வரை. அங்கே நூல் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஆசிரியருக்கே வழியில்லை! எனவே ஐரோப்பிய மொழிகளை மட்டும் கொண்டு எழுதுவோர் மைஸ்னரைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகின்றனர். முக்தார் பேயை ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். இது முழுவதும் காழ்ப்பு என்று நாம் சொல்லமாட்டோம். சான்று எந்த மொழியில் அச்சேறியதோ அம்மொழியில் வரலாறு நிலைத்தது, அவ்வளவே. முஸ்லிம் பொறியாளர் முடித்த கடைசிப் பகுதியின் கதையை அறிய வேண்டுமானால் இஸ்தான்புல்லில் உள்ள உதுமானிய ஆவணக் காப்பகத்தின் தாள்களுக்குத்தான் போகவேண்டும். பாதையின் புகைப்படங்களும் அந்நகரில்தான் உள்ளன. ஸுல்தானின் யில்திஸ் அரண்மனைத் தொகுப்புகளாக இருந்த அவை இன்று இஸ்தான்புல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

அத்தாள்கள் இன்று இருப்பதே ஒருவகையில் பெரும் பேறு. 1928ஆம் ஆண்டு துருக்கி அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறியது. ஒரே தலைமுறையில் பாட்டனார் எழுதியது பேரனுக்குப் புரியாத கோடுகளாயிற்று. (அரபுத்தமிழில் எழுதிய நம் முன்னோரின் ஏடுகளைப் பெட்டியில் பூட்டிவைத்து, தாயத்துப்போல் தொட்டுக் கும்பிடாத குறையாக வைத்திருக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று.) மூன்றாண்டுகள் கழித்து, 1931இல், நிதித்துறையின் பழைய ஆவணங்கள் ஏறத்தாழ 200 சிப்பங்கள், கழிவுக் காகிதம் என்று பல்கேரியாவுக்கு எடைக்கு விற்கப்பட்டன. சிர்க்கெஜி இரயில் நிலையத்துக்கு ஏற்றிச் செல்கையில் தெருவில் சிந்திய தாள்களைக் கண்டு பதறி எழுந்தவர் முஅல்லிம் ஜெவ்தெத் என்னும் ஆசிரியர். அவர் எழுப்பிய குரலால் கிளர்ச்சி பிறந்தது. ஆனால் போனவை போனவைதாம். அவற்றுள் பெரும்பகுதி இன்று ஸோஃபியா நகரின் தேசிய நூலகத்தில் உள்ளது. அலுவலகம் அழித்ததை ஒரு பள்ளி ஆசிரியரின் விழிப்பே தடுத்து நிறுத்த முயன்றது என்பதை நாம் மறக்கலாகாது. இப்போது காப்பகத்தின் அட்டவணையைக் கணினி வழியாகவே தேடலாம்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். பாதை தனியார் உடைமையுமன்று, வெறும் அரசுடைமையுமன்று. உம்மத்தின் காசில் எழுந்த அறம். முதல் உலகப்போருக்குப் பின் அது சிரியா, பாலஸ்தீனம், ஜோர்தான், ஹிஜாஸ் எனத் துண்டாகிப் போனது. 1923இல் லோசான் மாநாட்டின்போது பிரிட்டனும் பிரான்சும் இப்பாதையின் சமயத் தன்மையை ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டும் நிர்வாகம் ஒன்றாகவில்லை. ஜோர்தானில் அது இன்றும் வக்ஃபு உடைமையாகவே கருதப்படுகிறது. வக்ஃபு என்றால் எல்லை வேண்டும். எல்லைக்குப் படம் வேண்டும். நிலையத்தின் வளாகம் எதுவரை, கிணறும் நீர்த்தொட்டியும் யாருடையன என்பவற்றுக்கு நிலையப் படமே சாட்சி. நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் நிலங்களைப் பறிகொடுத்துவிட்டு நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நிற்கிறோமே, அங்கேயும் இல்லாமற்போனது ஒரு பழைய அளவைப் படந்தான்.

வரைபடங்கள் கதைகளையும் சோதிக்கும். மதீனாவை நெருங்கும் இடத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துயிலுக்கு இடையூறு ஆகாவண்ணம் தண்டவாளத்தின்கீழ் கம்பளி விரிக்கப்பட்டது என்று உருக்கமாகச் சொல்லப்படுகிறது. கேட்கக் கண் கசியும். ஆனால் அன்பு வேறு, சான்று வேறு. தண்டவாளத்தின்கீழ் என்ன இருந்தது என்பதைச் சொல்லவேண்டியது பாதையின் குறுக்குவெட்டுப் படமே. லாரன்ஸ் கதையும் அவ்வாறே. தாக்குதல்கள் நடந்தது மெய். தண்டவாளங்களும் பாலங்களும் தகர்ந்ததும் மெய். ஆயினும் பழுதுபார்க்கும் படையினர் மீண்டும் மீண்டும் சீர்செய்தனர். துருக்கிய வரலாற்று நூல்கள் கல்லால் ஆன பாலங்களும் மதகுகளுமாக 2,666 என்று எண்ணித் தருகின்றன. அவற்றுள் மிகப் பல சிறியவை. ஒரே மாதிரிப் படத்தைக் கொண்டு கட்டப்பட்டவை. மாதிரி ஒன்றானால் பழுதுபார்ப்பதும் எளிது என்று நாம் கருதுகிறோம். மதீனாவைக் காத்த ஃபக்ரி பாஷா, போர்நிறுத்தம் ஏற்பட்டு இரு மாதங்களுக்கு மேலாகியும் பணியாமல், 1919 ஜனவரியில்தான் அடிபணிந்தார்.

காப்பகத் தாள்களைக் கையாள்வோர் ஓர் எச்சரிக்கையையும் கைக்கொள்ளவேண்டும். வரையப்பட்டதெல்லாம் கட்டப்பட்டதன்று. முன்மொழிந்த படம் ஒன்று, ஒப்புதல் பெற்ற படம் ஒன்று, கட்டி முடித்தபின் உள்ளது உள்ளபடி வரைந்த படம் ஒன்று என மூன்று நிலைகள் உண்டு. மதாயின் ஸாலிஹில் 1907ஆம் ஆண்டுக்குரிய நிலையக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. மதீனா நிலையம் அருங்காட்சியகமாயிற்று. படத்தையும் கல்லையும் அருகருகே வைத்துப் பார்க்க அங்கே முடியும். மதீனாவுக்குத் தெற்கே அது முடியாது. மக்கா வரை நீட்டுவதே முதல் நோக்கமாக இருந்தும், வழிவருவாயை இழக்க அஞ்சிய பாலைக் குலத்தவரின் எதிர்ப்பும், மக்கா ஷரீஃபின் விருப்பமின்மையும், பின்னர்ப் போரும் குறுக்கே நின்றன. 2018ஆம் ஆண்டு இரு புனித நகரங்களையும் இணைத்த ஏறத்தாழ 450 கிலோமீட்டர் அதிவேக இரயில் ஜித்தா வழியே செல்கிறது. அது வேறு நாட்டின் காசு, வேறு காலத்தின் கணக்கு. உம்மத்தின் காசில் ஸுல்தான் போட நினைத்த மதீனா–மக்கா பாதையில் ஒரு சிலீப்பர் கட்டைகூடத் தரையில் இறங்கவில்லை.