டிலிஜென்ஸ்
விடாமுயற்சியையும் ஊன்றிய கவனத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொல். பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்தில் புகுந்தது. மூலம் ‘டிலிகெரே’ என்னும் இலத்தீன் வினை: பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மதித்தல், நேசித்தல். உழைப்புக்கு அடியில் அன்பு இருப்பதே இச்சொல்லின் அழகு. ரோமானியச் சட்டத்தில் ‘டிலிகென்ஷியா’ என்பது பொறுப்புள்ள குடும்பத் தலைவர் தம் உடைமைமீது காட்டும் அக்கறை. இரவல் வாங்கிய பொருள் கெட்டுப்போனால், வாங்கியவர் அந்த அளவுக்குக் கவனம் காட்டினாரா என்றே பார்த்தார்கள். பிரெஞ்சில் விரைவு என்ற பொருளும் ஏறியதால், ஊர்விட்டு ஊர் செல்லும் பயணிகள் குதிரைவண்டிக்கும் இப்பெயர் வந்தது. நிறுவனத்தை வாங்குமுன் அதன் கணக்கு, கடன், வழக்குகளைத் துருவிப் பார்க்கும் ‘டியூ டிலிஜென்ஸ்’ வழக்கம், அமெரிக்காவின் 1933ஆம் ஆண்டுப் பங்குப்பத்திரச் சட்டத்தை ஒட்டி வலுப்பெற்றது.