பதுளையில் தமிழ் வேட்பாளர் வெல்வது எப்படி?

தேர்தல் அறிவிச்சதும் மடுல்சீமைப் பக்கம் முதல்ல வர்ற கேள்வி, "இந்த முறை நம்ம ஆள் வருவாரா?" என்பதுதான். பதில் பெரும்பாலும் ஆளைப் பற்றியே இருக்கும்: சங்கம் பெருசு, நல்லாப் பேசுவார், செலவு செய்வார். ஆனா பதுளை மாவட்டத்தின் தேர்தல் வரலாறு வேறொரு கணக்கைக் காட்டுது.

1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத் தொகுதிகளில் வென்று பாராளுமன்றம் போனது. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களின் வாக்கைப் பறித்தன. 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஒரு ஆசனமும் இல்லை. தலைவர்கள் அதே ஆட்கள்தான். வாக்காளர் இடாப்பில்தான் மக்கள் பெயர் இல்லை. 1988, 2003 சட்டங்கள் வரைக்கும் பிரஜாவுரிமைக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு.

இப்போதைய முறை விகிதாசாரம். முதல்ல கட்சிக்குப் புள்ளடி, பிறகு அதே கட்சி வேட்பாளர்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு. அதாவது வேட்பாளரின் நேரடிப் போட்டி எதிர்க்கட்சியோட இல்லை, சொந்த லிஸ்டில் இருக்கிறவங்களோடதான்.

இதுக்கு 2020 நல்ல உதாரணம். பொதுஜன பெரமுன பதுளையில் மூன்று இலட்சத்துக்கு மேல் வாக்கெடுத்து ஆறு ஆசனங்களை வென்றது. அந்த லிஸ்டில் நின்ற செந்தில் தொண்டமான் தோற்றார். தோற்ற பக்கமான ஐக்கிய மக்கள் சக்திக்கு மூன்றே ஆசனம். அதில் இரண்டு வடிவேல் சுரேஷுக்கும் அரவிந்த குமாருக்கும் போனது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் மலையகத் தமிழர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த வாக்கு ஒரு சின்ன லிஸ்டில் குவிந்தால் பலம். பெரிய லிஸ்டில் கரைஞ்சு போகும்.

2024 இந்தக் கணக்கை மாற்றியது. தேசிய மக்கள் சக்தி வென்ற ஆறு ஆசனங்களில் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் இருந்தாங்க. பெரிய லிஸ்டிலேயே இரண்டு தமிழர். தோட்ட வாக்கு அந்தப் பக்கம் போனதோட, சிங்கள வாக்காளர்களும் தமிழ் வேட்பாளருக்கு விருப்பு வாக்குப் போட்டிருக்காங்க என்றுதான் இதைப் படிக்க முடியும்.

அடுத்த சோதனை ஊவா மாகாண சபை. கடைசித் தேர்தல் 2014 செப்டெம்பர் 20இல் நடந்தது. பதவிக்காலம் 2019இல் முடிஞ்சது. 2017 திருத்தச் சட்டம் பாதி உறுப்பினர்களைத் தொகுதிவாரியாகத் தெரிவு செய்யச் சொன்னது. 2018இல் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது. அதிலிருந்து எல்லாம் முடக்கம்.

மடுல்சீமையில் விழும் விருப்பு வாக்கும் ஹப்புத்தளையில் விழும் விருப்பு வாக்கும் ஒரே பெயருக்குச் சேர்வதால்தான் இன்றைக்குத் தமிழ்ப் பிரதிநிதிகள் இருக்காங்க. தொகுதி முறை வந்தால் அந்தக் கூட்டல் பாதியாகக் குறையும். பிறகு, தோட்டங்களை ஒரே தொகுதிக்குள் வைக்கிறாங்களா, துண்டு துண்டாகப் பிரிக்கிறாங்களா என்பதே முடிவைத் தீர்மானிக்கும்.

அதனால, யார் வேட்பாளர் என்று கேட்கிறதுக்கு முன்னாடி, கோட்டை யார் எங்கே போடுறாங்க என்று நாம கேட்கணும். 1949இல் மக்கள் தோற்றதும் வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை, சட்டம் எழுதின மேசையில்தான்.