ஊரே கேட்ட மெட்டு, ஒருவர் மறந்த பேர்



விடியற்காலையில் எழுந்து நீங்கள் வெட்டிச் சேர்த்த பாலை, நிறுக்கும் இடத்தில் இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டால் சும்மா இருப்பீர்களா? "கிராணி ஐயா, அது என் பாலு!" என்று கேட்கத்தானே செய்வீர்கள்? இங்கிலாந்தில் ஓர் இசைக் கலைஞருக்கும் இதே கதிதான். கேட்பதற்கு அவர் உயிரோடு இல்லை, அவ்வளவுதான்!

'டென்மார்க் இளவரசரின் அணிநடை' என்னும் கம்பீரமான மெட்டு ஒன்று உண்டு. 'டிரம்பெட் வாலண்டரி' என்றும் சொல்வார்கள். தேவாலயத் திருமணங்களில் மணப்பெண் நடந்து வரும்போது இன்றும் அதை வாசிக்கிறார்கள். பின்னாளில் ராணியான ஆனின் கணவர் ஜார்ஜ் இளவரசரைப் போற்றி எழுந்த மெட்டு அது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை ஆர்கன் கருவிக்கு அமைத்து வெளியிட்டவர், ஹென்றி பர்செல் இயற்றியது என்று போட்டுவிட்டார். பர்செல் பெரிய மேதை. "பெரியவர் போட்ட மெட்டாத்தான் இருக்கும்" என்று ஊரும் நம்பிவிட்டது. புகழ்பெற்ற ஹென்றி உட் அதை வாத்தியக் குழுவுக்கு அமைத்தபோதும் பர்செல் பெயரே தொடர்ந்தது.

உண்மையைச் சொன்னவை பழைய ஏடுகளே! 1700-இல் லண்டனில் அச்சான இசைத் தொகுப்பு ஒன்றில் அதே மெட்டு, ஜெரமையா கிளார்க் என்ற பெயரோடு இருக்கிறது. ஊதுகருவிகளுக்காகக் கையால் எழுதிவைத்த பிரதியிலும் அது கிளார்க்கின் இசையாகவே காணப்படுகிறது. பர்செல் மறைந்ததோ 1695-இல். 20-ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் இவற்றை எடுத்துக்காட்டிய பிறகே உரியவருக்குப் பெயர் திரும்பியது.

கிளார்க் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர், 1707-இல் மறைந்தார். 1981-இல் அதே பேராலயத்தில் இளவரசர் சார்லஸ், டயானா திருமணம் நடந்தபோது, மணமகள் நடந்து வந்தது அவருடைய மெட்டுக்குத்தான்!

மாணவர்களே, கிளார்க்கைக் காப்பாற்றியது எது? யாரோ ஒருவர் பெயரோடு எழுதிவைத்த தாள். நம் வீடுகளிலும் பாட்டிமார் பாடும் தாலாட்டும் நடவுப் பாட்டும் இருக்கின்றன. இன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பாட்டை எழுதுங்கள், பாடியவர் பேரையும், யாரிடம் கற்றார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். உழைத்தவர் பேர் நிலைக்கட்டும்!